கடைசிப் பேருந்துக்கு இருபது நிமிடம்: ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்கு நடையின் நேரக் கணக்கு

யாருக்கும் அடிபடவில்லை. மீட்புக் குழுவைக் கூப்பிடவில்லை. கடைசிப் பேருந்தும் கிடைத்துவிட்டது. அப்புறம் எதற்கு ஆய்வு என்று கூட வந்தவர்களில் ஒருவனே கேட்டான். கிளம்பும்போது கையில் இரண்டேகால் மணி நேரம் உபரியாக இருந்தது. முடிக்கும்போது இருபது நிமிடம்தான் மிச்சம். வழி தவறவில்லை, வெள்ளம் வரவில்லை, யாரும் கால் பிசகி விழவும் இல்லை. அப்படியிருக்க அந்த இரண்டு மணி நேரம் எங்கே போனது? குழுவிலேயே வலுவான நடையாளிக்கு மட்டும் ஏன் நடுவழியில் விரல்கள் மரத்துப்போய், பையின் கொக்கியைக்கூடத் திறக்க முடியாமல் ஆனது? இந்த இரண்டு கேள்விக்கும் பதில் ஒன்றுதான் என்பது என் முடிவு.

கணக்கைத் திரும்பப் போட உதவியவை எங்கள் ஐந்து பேரின் கைபேசிப் படங்கள். பள்ளத்தாக்குக்குள் சிக்னல் கிடையாது, ஆனால் ஒவ்வொரு படத்திலும் நேரம் பதிவாகியிருக்கும். எல்லாருடைய படங்களையும் ஒரே வரிசையில் அடுக்கினால் யார் எந்தக் கரையில் எவ்வளவு நேரம் நின்றார்கள் என்பது ஏறத்தாழத் தெரிந்துவிடுகிறது. ஒருவன் கட்டியிருந்த ஜிபிஎஸ் கடிகாரம் இதற்குப் பயன்படவில்லை. வானம் ஒரு கீற்றாக மட்டும் தெரியும் இடத்தில் செயற்கைக்கோள் சமிக்ஞை பாறைச் சுவரில் பட்டுத் தெறித்துத்தான் வந்து சேரும். நாங்கள் மலைக்குள் புகுந்து புகுந்து வெளியே வந்ததாகக் கோடு போட்டு, 26 கிலோமீட்டரை அது 34 ஆக்கியிருந்தது. அன்று அதை நம்பித்தான் "இன்னும் கொஞ்ச தூரம்தான்" என்று ஒன்றுக்கு மேற்பட்ட தடவை சொல்லப்பட்டது.

இடம்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், சயான் தேசியப் பூங்காவில், வெர்ஜின் ஆற்றின் வடகிளை நவாஹோ மணற்கல்லை அறுத்து உண்டாக்கிய இடுக்குதான் நாரோஸ். 1872-ல் நில அளவைக் குழு ஒன்றோடு வந்த குரோவ் கார்ல் கில்பர்ட் இதன் வழியே இறங்கி, இந்தப் பெயரையும் வைத்தார். சில இடங்களில் சுவர்கள் 300 மீட்டருக்கு மேல் எழும்பி நிற்க, அவற்றுக்கு இடையிலான அகலம் 6 முதல் 9 மீட்டராகச் சுருங்கிவிடுகிறது. தனியாகப் பாதை என்று எதுவும் கிடையாது. ஆறே பாதை. நடையில் குறைந்தது 60 சதவீதம் தண்ணீருக்குள்தான் என்று பூங்கா நிர்வாகமே சொல்கிறது.

இதை இரண்டு விதமாக நடக்கலாம். கீழே டெம்பிள் ஆஃப் சினவாவா என்ற பேருந்து நிறுத்தத்திலிருந்து ஆற்றை எதிர்த்து மேலே ஏறி, அலுத்த இடத்தில் திரும்பிவிடலாம். பிக் ஸ்பிரிங் என்ற ஊற்று வரை இதற்கு பெர்மிட் வேண்டாம். பெரும்பாலானவர்கள் செய்வது இதைத்தான். இன்னொன்று, மேலே சேம்பர்லின் பண்ணையில் தொடங்கி ஆற்றோடு கீழே இறங்குவது. 16 மைல், அதாவது சுமார் 26 கிலோமீட்டர். ஒரே நாளில் முடித்தாலும் பெர்மிட் கட்டாயம். நீரோட்டம் முதுகைத் தள்ளும் என்பதால் இது சுலபம் என்று பலரும் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மேலே ஏறுகிறவருக்கு ஒவ்வொரு நிமிடமும் திரும்பும் உரிமை இருக்கிறது. இறங்குகிறவருக்கோ பாதி தூரம் தாண்டியபின் திரும்புவதும் முன்னே போவதும் ஒரே நீளம். மேலே இறக்கிவிட்ட வண்டியும் எப்போதோ போயிருக்கும்.

நீரளவுக்கும் சட்டம் உண்டு. நொடிக்கு 120 கன அடிக்கு மேல் ஓடினால் மேலிருந்து இறங்க பெர்மிட் தரமாட்டார்கள். 150-ஐத் தாண்டினால் கீழிருந்து ஏறவும் தடை. திடீர் வெள்ள எச்சரிக்கை வந்தால் மூடிவிடுவார்கள், எச்சரிக்கை முடிந்து இரண்டு மணி நேரம் கழித்துத்தான் திறப்பார்கள். நாங்கள் போனது செப்டம்பர் முதல் பாதி. ஓட்டம் 45 கன அடி அளவில்தான் இருந்தது. அந்த வகையில் நல்ல நாள்.

இன்னொரு விஷயம் சுமையைக் கூட்டியது. 2020 கோடையில் இந்த ஆற்றில் நச்சுத்தன்மை உள்ள சயனோபாக்டீரியா கண்டுபிடிக்கப்பட்டதிலிருந்து, ஆற்று நீரை வடிகட்டிக் குடிக்க வேண்டாம், தலையை முக்க வேண்டாம் என்று எச்சரிக்கிறார்கள். நாள் முழுதும் தண்ணீரிலேயே நடந்தாலும் குடிக்கிற தண்ணீரை முதுகில்தான் தூக்க வேண்டும். ஆளுக்கு நாலு லிட்டர்.

குழுவும் திட்டமும்

ஐந்து பேரும் பழைய நண்பர்கள். பெயர்கள் இங்கே தேவையில்லை. வேகமாக நடக்கிற ஒருவன். மலையேற்றம் அவனுக்குப் பழக்கம், எப்போதும் முன்னால் போவான். முழங்கால் வலியுள்ள ஒரு தோழி. மெதுவாக, ஆனால் நிற்காமல் நடப்பவள். மருத்துவராக வேலை பார்க்கும் இன்னொரு தோழி. படம் எடுப்பதற்காகவே வந்த ஒருவன். அப்புறம் நான்.

இந்த நடைக்கு 10 முதல் 14 மணி நேரம் ஆகும் என்பது பொதுவான கணக்கு. திட்டத்தில் நாங்கள் எழுதியது 10. காலை 7:50-க்குத் தொடங்கி மாலை 6 மணிக்கு முடிப்பது, எட்டேகால் மணிக்குக் கடைசிப் பேருந்து. அதைத் தவறவிட்டால் பார்வையாளர் மையம் வரை இருட்டில் 14 கிலோமீட்டர் வரை சாலையில் நடக்க நேரிடலாம். சொந்தக் கார்களுக்கு அந்தச் சாலையில் அனுமதி இல்லை.

பத்து மணி நேரம் என்ற எண் எப்படி வந்தது என்று பின்னால் பேசிப் பார்த்தோம். 26 கிலோமீட்டரை மணிக்கு இரண்டரை கிலோமீட்டர் வேகத்தால் வகுத்து முழு எண்ணாக்கியதுதான். தனியொருவருக்கு அது சரியான வேகம். வேகமானவன் முன்பு தனியாக நடந்த ஆற்று வழிகளில் அவனுடைய வேகம் அதுவே. ஐந்து பேர் சேர்ந்து போனால் எந்த எண்ணால் வகுக்க வேண்டும் என்பதை யாரும் எழுப்பவில்லை.

உபகரணங்களில் குறை சொல்ல முடியாது. வாடகைக்கு எடுத்த நியோப்ரீன் காலுறை, ஆற்றுக் காலணி, ஆளுக்கொரு மரத்தடி, உலர்ந்த துணி வைத்த நீர்புகாப் பைகள், தலைவிளக்கு. வானிலைத் துறை அன்று வெளியிட்ட திடீர் வெள்ள மதிப்பீடு நான்கு படிகளில் இரண்டாவது: "சாத்தியம்". முதல் படியான "எதிர்பார்க்கப்படவில்லை" அல்ல, மூன்றாவதான "வாய்ப்பு அதிகம்" என்பதும் அல்ல. இதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நாள் ஓடிய விதம்

முதல் ஐந்து கிலோமீட்டர் திறந்த புல்வெளி, பழைய பண்ணை வண்டித்தடம். ஆற்றை ஒன்றிரண்டு இடத்தில் குறுக்கே கடப்பதோடு சரி. ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. எல்லாரும் அரட்டை அடித்துக்கொண்டு நடந்தோம். "இப்படியே போனா அஞ்சு மணிக்கே முடிச்சிரலாம்டா" என்று வேகமானவன் சொன்னது நினைவிருக்கிறது. நாளின் மிகச் சுலபமான பகுதி முதலில் வருவதும், அந்த வேகம் மனதில் தங்கிவிடுவதும் இந்த வழியின் குணம்.

சுவர்கள் மெல்ல நெருங்க ஆரம்பித்தன. 13-வது கிலோமீட்டரை ஒட்டி ஒரு சிறிய அருவி, சுமார் 12 அடி உயரம். பக்கத்துப் பாறைப் பிளவு வழியாக அதைச் சுற்றி இறங்கலாம். அங்கே பகல் 12:05. புல்வெளியிலிருந்து அங்கே வர மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல். திட்டத்தைவிடக் கொஞ்சம் முந்தியே இருந்தோம். 12:40-க்கு டீப் கிரீக் சந்திப்பு. ஏறத்தாழ ஆற்றளவுக்கே தண்ணீர் வந்து சேரும் இடம் அது. அதுவரை கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் நடுவில் இருந்த நீர், அங்கிருந்து முழங்காலுக்கும் தொடைக்கும் ஏறியது. சாப்பாட்டுக்கு இருபது நிமிடம் என்று உட்கார்ந்து, முக்கால் மணி நேரம் கழித்து எழுந்தோம். சாப்பிட்டு எழுவதற்குள் இந்த அளவு கரைவது எந்தக் குழுவிலும் நடப்பதுதான், அதைப் பெரிதாக்க விரும்பவில்லை.

பிரச்சினை அடுத்த நாலு கிலோமீட்டரில். டீப் கிரீக்கிலிருந்து பிக் ஸ்பிரிங் வரை. இரவு தங்குகிறவர்களுக்கான பன்னிரண்டு முகாமிடங்களும் இந்தப் பகுதியில்தான் இருக்கின்றன. 1:25-க்குக் கிளம்பி 4:05-க்குத்தான் பிக் ஸ்பிரிங் வந்தோம். மணிக்கு ஒன்றரை கிலோமீட்டர்தான். கூஸ் கிரீக் கலக்கும் இடத்தைத் தாண்டியதும், வேகமானவன் பேச்சைக் குறைத்துவிட்டான். சோர்வு என்று நினைத்தோம். ஒரு முகாமிடத்தின் மணல்மேட்டில் ஏதோ எடுக்கப் பையை இறக்கியவன், இடுப்புக் கொக்கியை மூன்று நான்கு தடவை அமுக்கியும் திறக்கவில்லை. மருத்துவத் தோழி அதைப் பார்த்துவிட்டாள்.

"என்னடா, விரல் வரலையா?"

"ஒண்ணுமில்ல. நீங்க நடங்க, நான் வர்றேன்."

அவள் நடக்கவில்லை. ஈரச் சட்டையைக் கழற்ற வைத்து, உலர்ந்த கம்பளி மேலாடை, அதன் மேல் காற்றுப் புகாத ஜாக்கெட், தலைக்குத் தொப்பி. வாயில் இனிப்பு. நடுக்கம் அடங்கி முழுசாக ஒரு வாக்கியம் பேசும்வரை 25 நிமிடம்.

அதற்குப் பிறகு நடந்தது வேறு மாதிரி. 4:15-க்கு பிக் ஸ்பிரிங்கை விட்டுக் கிளம்பி 6:10-க்கு ஆர்டர்வில் என்ற கிளைப் பள்ளத்தாக்கு வந்து சேரும் சந்திப்பு, 7:30-க்கு ரிவர்சைடு வாக் என்னும் தளப்பாதையின் மேல்முனை, 7:55-க்கு நிறுத்தம். கடைசி ஒன்றரை கிலோமீட்டர் தலைவிளக்கு வெளிச்சத்தில்.

படங்கள் சொன்னது

டீப் கிரீக்குக்கும் பிக் ஸ்பிரிங்குக்கும் நடுவில் போன 2 மணி 40 நிமிடத்தில், துணி மாற்றிய 25 நிமிடத்தைக் கழித்தால் 2:15. இந்த 2:15-ல் குழு முழுவதும் ஒரே நேரத்தில் நகர்ந்துகொண்டிருந்தது பாதிக்கும் குறைவு. மீதியில் எப்போதும் யாராவது ஒருவருக்காக மற்றவர்கள் நின்றிருக்கிறார்கள்.

ஒருவர் காலணியில் சரளை புகுந்துவிட்டது. உட்கார்ந்து கழற்றிக் கொட்ட மூன்று நிமிடம். நாலு பேர் நிற்கிறார்கள். அடுத்த வளைவில் இன்னொருவருக்கு அதே சரளை. மறுபடி நாலு பேர் நிற்கிறார்கள். ஒருவன் முக்காலியை விரித்து ஒரு படம் எடுக்கிறான். ஆற்றைக் குறுக்கே கடக்கும் ஒவ்வொரு இடத்திலும் முதலாமவர் அக்கரை சேர்ந்தபின் ஐந்தாமவர் வந்து சேர இரண்டு மூன்று நிமிடம். இந்தப் பகுதியில் ஆறு கரைக்குக் கரை மாறிக்கொண்டே இருப்பதால் இப்படிக் கடக்க வேண்டிய இடங்கள் டஜன் கணக்கில். ஒவ்வொன்றும் அற்பம். எந்த நிறுத்தத்தையும் தனியாகப் பார்த்தால் குறை சொல்ல முடியாது, அதனால்தான் அன்று யாருக்கும் உறைக்கவும் இல்லை. மெதுவாக நடந்த தோழியால் நேரம் போனது என்றுதான் அன்று மாலை வரை எல்லாரும் நம்பினோம், அவள் உட்பட. அவளுடைய நடையை மட்டும் எடுத்துக் கணக்கிட்டால் மணிக்கு இரண்டு கிலோமீட்டருக்கு மேல் வருகிறது. அவள் நின்றது மிகக் குறைவு.

குளிர் ஏன் அவனைப் பிடித்தது

வேகமானவனின் கடிகாரம் தண்ணீரில் 15 டிகிரி செல்சியஸ் காட்டியிருந்தது. வெளியே யூட்டா வெயில் கொளுத்தினாலும் அந்த இடுக்குக்குள் மதியத்துக்குப் பிறகு பெரும்பாலும் நிழல்தான், கூடவே பள்ளத்தாக்கின் வழியே ஓயாத காற்று. தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உடல் வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். நடக்கும்போது தசைகள் வெப்பத்தை உண்டாக்குகின்றன. இழப்பை அது பெருமளவு ஈடுகட்டிவிடுகிறது. நின்றால் ஈடு இல்லை.

இப்போது அவனுடைய இடத்தைப் பாருங்கள். முன்னால் போகிறவன் என்பதால் ஆழம் எங்கே என்று கண்டுபிடிப்பது அவன் வேலை. தடியை ஊன்றிப் பார்த்து, சில இடங்களில் தப்பிப்போய் இடுப்பு வரை, ஓரிடத்தில் மார்பு வரை இறங்கினான். பின்னால் வந்த நாங்கள் அவன் இறங்கியதைப் பார்த்து ஆழமில்லாத கோட்டில் சுற்றி வந்தோம். ஆக, அதிகம் நனைந்தவன் அவன். முதலில் அக்கரை சேர்கிறவனும் அவன். எனவே ஒவ்வொரு கடவிலும் அதிக நேரம் நிழலில், காற்றில், ஈரத்தோடு நின்றவனும் அவனே. போதாததற்கு, அவன் போட்டிருந்தது பருத்திச் சட்டை, நனைந்தால் உலராது.

கடைசியில் வந்த தோழிக்கு நேரெதிர். அவளுக்கு நிற்க வாய்ப்பே இல்லை. அவள் வந்து சேர்ந்ததும் மற்றவர்கள் "சரி, போலாம்" என்று கிளம்பிவிடுவார்கள். அவளுக்கு ஓய்வு கிடைக்கவில்லை, அது தனிப் பிரச்சினை. முழங்கால் வலித்ததற்கு அதுவும் காரணம். ஆனால் குளிரவே இல்லை. பிக் ஸ்பிரிங்கில் அவள் மேலாடையைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள், அவன் இரண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் அதை ஹைப்போதெர்மியா என்கிறார்கள். 32 வரையிலான முதல் கட்டத்தில் நடுக்கம், விரல்கள் சொன்னபடி கேட்காமை, பேச்சுக் குழறல், தடுமாற்றம். அதற்கும் கீழே போனால் நடுக்கமே நின்றுவிடும். அவன் உண்மையில் 35-ஐத் தொட்டானா என்பதை அளக்க எங்களிடம் கருவி இல்லை. தொடுவதற்கு முன்பே பிடித்துவிட்டோம் என்பது மருத்துவத் தோழியின் கணிப்பு. கவனிக்க வேண்டியது இன்னொன்று. "ஒண்ணுமில்ல" என்ற பதிலை அவள் பொருட்படுத்தவில்லை. குளிர் முதலில் மழுக்குவது தன்னைத்தானே மதிப்பிடும் திறனை. எனவே பாதிக்கப்பட்டவரிடம் கேட்டு முடிவெடுப்பதில் அர்த்தமில்லை. அவள் பார்த்தது விரல்களை. கொக்கி, ஜிப், தண்ணீர் பாட்டில் மூடி: இவற்றைத் திறக்கச் சொல்வதே போதுமான பரிசோதனை என்கிறாள்.

குழுவிலேயே வலுவானவர் என்பதால் அவரை யாரும் கவனிப்பதில்லை. எல்லார் கண்ணும் பின்னால் வருகிறவர் மேல் இருக்கும். இந்த நிகழ்வில் நான் மிக முக்கியமாகக் கருதுவது இதைத்தான்.

பிக் ஸ்பிரிங்கில் மாற்றியவை

சுவரிலிருந்து ஊற்றுநீர் கொட்டும் அந்த இடத்தில் பத்து நிமிடம் பேசினோம். இரண்டு யோசனைகள் வந்தன. முதலாவது, படக்காரனும் நானும் வேகமாக முன்னே போய் கடைசிப் பேருந்தின் ஓட்டுநரிடம் சொல்லி வைப்பது. பேருந்து காத்திருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை, அதோடு அப்போதுதான் தேறியவனையும் முழங்கால் வலிக்காரியையும் ஒருத்தி பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். "போனா எல்லாரும் போவோம், இல்லன்னா எல்லாரும் ராத்திரி நடப்போம்" என்று மருத்துவத் தோழி முடித்துவிட்டாள்.

இரண்டாவது யோசனைதான் நாளைக் காப்பாற்றியது. வரிசையைத் திருப்பிப் போட்டோம். மெதுவாக நடப்பவள் முன்னால், வேகமானவன் கடைசியில். இதனால் யாரும் யாருக்காகவும் நிற்க வேண்டிய தேவையே பெரும்பாலும் போய்விட்டது. முன்னால் இருப்பவளின் வேகமே எல்லாருடைய வேகம். ஆழம் பார்க்கும் வேலையை நானும் படக்காரனும் மாற்றி மாற்றி எடுத்துக்கொண்டோம். கடவுகளில் ஒருவர் பின் ஒருவராகப் போகாமல் தோளைப் பிடித்துக்கொண்டு சேர்ந்தே இறங்கினோம். காலணியைக் கழற்றுவது ஆர்டர்விலில் மட்டும், எல்லாரும் ஒரே சமயத்தில். முக்காலி பைக்குள் போனது. படக்காரனுக்கு வருத்தம்தான், வால் ஸ்ட்ரீட் என்ற அந்த மிக ஒடுங்கிய பகுதிக்காகவே அவன் வந்திருந்தான்.

பலன் எண்ணில் தெரிகிறது. பிக் ஸ்பிரிங்குக்குக் கீழே ஆறு இன்னும் ஆழம், கற்கள் இன்னும் வழுக்கல், கால்கள் எட்டு மணி நேரம் நடந்தவை. அப்படியும் வேகம் மணிக்கு ஒன்றரையிலிருந்து 1.8-க்கு ஏறியது. யாரும் முன்பைவிட வேகமாக நடக்கவில்லை. நிற்பது நின்றது, அவ்வளவே. டீப் கிரீக்கிலிருந்தே இதே முறையில் வந்து, சாப்பாட்டுத் தாமதத்தையும் தவிர்த்திருந்தால், ஏழு மணிக்குள் முடிந்திருக்கும் என்பது என் கணக்கு.

தாமதம் தள்ளிவிட்ட இடம்

பேருந்தைத் தவறவிடுவது அலுப்பு, அவ்வளவுதான். உண்மையான விலை வேறு இடத்தில் இருந்தது. பிக் ஸ்பிரிங்குக்கும் ஆர்டர்வில் சந்திப்புக்கும் நடுவே பெரும்பகுதியில் ஏறி நிற்க மேடே கிடையாது. திட்டப்படி அங்கே இரண்டரை மணிக்கு நுழைந்திருக்க வேண்டும். நாலேகாலுக்கு நுழைந்து, ஆறு மணி தாண்டி வெளியே வந்தோம். இந்தப் பகுதியில் கோடைகாலப் பருவமழை செப்டம்பர் நடுப்பகுதி வரை நீள்வது வழக்கம், இடிமழை பெரும்பாலும் மதியத்துக்குப் பிறகுதான் திரளும். சீக்கிரம் நுழைந்திருந்தால் ஆபத்தே இல்லை என்று சொல்லவில்லை. மேகம் திரண்டு கொட்ட அவகாசம் கிடைத்த பிறகு, ஒதுங்க இடமில்லாத பகுதியில், திட்டமிட்டதைவிடத் தாமதமாக, களைத்த உடலோடு இருந்தோம் என்கிறேன்.

நுழையும் முன் வானத்தைப் பார்த்தோம், நீலம். தண்ணீரைப் பார்த்தோம், தெளிவு. இந்தப் பார்வைக்கு ஓரளவுதான் மதிப்பு. தலைக்கு மேல் தெரிகிற கீற்று வானம் முப்பது கிலோமீட்டர் தள்ளி மேல்நிலத்தில் என்ன கொட்டுகிறது என்று காட்டாது. நீர் கலங்குவது, சுள்ளிகளும் சருகும் மிதந்து வருவது, ஓட்டத்தின் இரைச்சல் கூடுவது ஆகியவை அறிகுறிகள்தான், ஆனால் அவை தெரியும்போது மிச்சம் இருப்பது நிமிடங்கள். 2015 செப்டம்பர் 14 அன்று இதே பூங்காவில் கீஹோல் கேன்யன் என்ற ஒடுங்கிய பிளவில் இறங்கிய ஏழு பேர் கொண்ட குழு முழுவதும் திடீர் வெள்ளத்தில் இறந்தது. அன்று வெர்ஜின் ஆற்றின் வடகிளையில் உள்ள அளவுமானி 15 நிமிடத்தில் நொடிக்கு 55 கன அடியிலிருந்து 2,630 கன அடிக்கு ஏறியது. பதினைந்து நிமிடத்தில், வால் ஸ்ட்ரீட்டில், எங்கள் வேகத்தில், அரை கிலோமீட்டர்கூட நகர்ந்திருக்க முடியாது.

நவம்பர் 2022

குளிரைப் பற்றிப் பேசும்போது இன்னொரு நிகழ்வைச் சொல்லாமல் இருக்க முடியாது. 2022 நவம்பர் 22 அன்று ஒரு தம்பதி பெர்மிட் வாங்கி இதே 16 மைல் நடையைத் தொடங்கினார்கள். இரவில் இருவருக்கும் ஹைப்போதெர்மியாவின் அறிகுறிகள் வந்தன. மறுநாள் அதிகாலையில் ரிவர்சைடு வாக்கின் மேல்முனையிலிருந்து ஒன்றரை மைல் தூரத்தில் நின்றுவிட்டார்கள். கணவர் உதவி தேடிக் கீழே நடந்தார். மனைவி அங்கேயே இருந்தார். வழியில் மற்ற பயணிகள் கணவருக்கு உதவினார்கள். மீட்புக் குழு மேலே போய்ச் சேர்ந்தபோது 31 வயதான அந்தப் பெண் இறந்திருந்தார்.

அவர்களைக் குறை சொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்லை, அந்த இரவின் விவரமும் வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. எங்கள் நிகழ்வோடு ஒப்பிட ஒரு விஷயம் மட்டும் போதும். இருவர் கொண்ட குழுவில் ஒருவர் நகர முடியாமல் ஆனால், மிஞ்சும் இரண்டு வழியுமே கொடியவை: விட்டுப் போவது, அல்லது உதவி வரும் வாய்ப்பே இல்லாமல் கூட உட்காருவது. ஐந்து பேரில் ஒருவர் நின்றுபோனால் இருவர் கீழே போகலாம், இருவர் கூடவே இருந்து கதகதப்பாக வைத்திருக்கலாம். ஐந்து பேராகப் போனது எங்களுக்கு நேரத்தைத் தின்றது. அதே ஐந்து பேர்தான் எங்கள் காப்பும். குழுவைச் சிறிதாக்குவது தீர்வு என்று இந்த ஆய்விலிருந்து யாராவது எடுத்துக்கொண்டால் அது தவறான வாசிப்பு.

அந்தத் தம்பதி நின்றுவிட்ட இடம் ஆர்டர்வில் சந்திப்பை ஒட்டி வருகிறது. பேருந்து நிறுத்தம் அங்கிருந்து நாலு கிலோமீட்டர். செப்டம்பரில் எங்களுக்கு அது ஒன்றே முக்கால் மணி நேரம்.

தீராத ஒன்று

மேலே சொன்னவற்றில் ஐவருக்கும் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. அடுத்த முறைக்கான தாள் ஏற்கெனவே தயார்: மணிக்கு 1.8 கிலோமீட்டர் என்று வைத்து வகுப்பது, முதல் வெளிச்சத்தில் தொடங்க ஏற்றபடி முந்தைய இரவே மேல்முனைக்கு அருகில் தங்குவது, பருத்தி வேண்டாம், டீப் கிரீக்கிலிருந்தே வரிசையைத் திருப்புவது, பிக் ஸ்பிரிங்குக்கு மூன்று மணிக்குள் வராவிட்டால் காலி முகாமிடத்தில் ஒதுங்கத் தயாராக ஒரு தார்ப்பாயும் உணவும். கடைசியாகச் சொன்னது விதிப்படி சரியா என்று கேட்பவர்களுக்கு: அவசரத்தில் இரவு தங்குவதற்கும் பெர்மிட் இல்லாமல் முகாமிடுவதற்கும் வித்தியாசம் உண்டு, அதை ரேஞ்சரிடம் முன்னாலேயே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

ஒத்துப்போகாதது அந்த "சாத்தியம்" என்ற மதிப்பீட்டைப் பற்றி. இரண்டாவது படியில் போகவே கூடாது என்கிறாள் மருத்துவத் தோழி. வெள்ளம் வராததை வைத்து முடிவு சரியாக இருந்தது என்று சொல்வதை அவள் ஏற்பதில்லை. வேகமானவன் ஒப்புக்கொள்வதாக இல்லை. பருவமழைக் காலத்தில் பல நாட்களுக்கு அதே மதிப்பீடுதான் வருகிறது, அதற்கெல்லாம் ஒதுங்கினால் நடக்கவே முடியாது, பூங்காவும் பெர்மிட் தருகிறதே என்கிறான். என் சாய்வு தோழியின் பக்கம், ஆனால் முழுவதுமாக இல்லை. கீழிருந்து ஏறி, எப்போது வேண்டுமானாலும் திரும்பக்கூடிய ஒரு நடைக்கு அந்த நாளை எடுத்துக்கொண்டிருக்கலாம். திரும்ப முடியாத நடைக்கு அந்த மதிப்பீடு போதாது என்பது என் எண்ணம். அப்படிச் செய்தால் பாதி பள்ளத்தாக்கைத்தானே பார்த்திருப்போம் என்று படக்காரன் கேட்கிறான். கேள்வி நியாயம்தான். அடுத்த பெர்மிட்டுக்கு ஜூன் மாதத்தைக் கேட்டு விண்ணப்பித்திருக்கிறோம், பனி உருகிய வெள்ளம் வடிந்து பருவமழை தொடங்காத சில வாரங்கள் அப்போது கிடைக்கலாம் என்று.